ஆய்வுக்கு ஏற்றவர்களைக் கண்டறிவது எப்படி?

கேள்வி: மின்கட்டணம் செலுத்த உதவும் கைப்பேசிச் செயலி ஒன்றை உருவாக்கி வருகிறோம். பயனர் ஆய்வுக்கு ஆட்கள் தேவை, சன்மானம் உண்டு என்று அறிவித்ததும் விண்ணப்பங்கள் குவிந்தன. ஆனால், வந்தவர்களில் பலர் கைப்பேசியில் ஒருமுறைகூடக் கட்டணம் செலுத்தியதில்லை என்பது பேசத் தொடங்கிய பிறகே தெரிந்தது. சரியானவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? எத்தனை பேர் போதும்?

பதில்: வந்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை, ஆட்களைச் சேர்க்குமுன் நீங்கள் கேட்கும் முன்தேர்வு வினாக்களைத்தான் திருத்த வேண்டும். ‘கைப்பேசியில் கட்டணம் செலுத்துவதுண்டா?’ என்று கேட்டால், எந்த விடைக்குச் சன்மானம் கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்துவிடுகிறீர்கள். மாறாக, ‘உங்கள் வீட்டு மின்கட்டணம் கடைசியாக எப்போது, எவ்வழியில் செலுத்தப்பட்டது? செலுத்தியவர் யார்?’ என்று கேட்டு, விடையை அவர்களையே எழுத விடுங்கள். உண்மையில் செலுத்தியவர், பணம் போன பிறகும் ரசீது வராமல் காத்திருந்தது போன்ற ஒரு விவரத்தையாவது பெரும்பாலும் எழுதுவார். மற்றவருடைய விடை ‘எப்போதும் செயலியில்தான்’ என்ற அளவில் நின்றுவிடும். பயன்படுத்தும் செயலிகளைக் குறிக்கச் சொல்லும் பட்டியலில், இல்லாத செயலி ஒன்றின் பெயரைச் சேர்த்துவைப்பதும் உண்டு. அதையும் குறிப்பவர் உண்மை சொல்லவில்லை என்று தெரிந்துவிடும். சற்றுக் குறும்பான வழிதான் என்றாலும் பயன் தரும்.

வயது, பாலினம், வருமானம் ஆகியவற்றைவிட, அவர் அந்த வேலையை எப்படிச் செய்கிறார் என்பதே முக்கியம். செயலியில் முயன்று, பாதியில் கைவிட்டவர் கிடைத்தால் விடாதீர்கள். பழகிய பயனர் சொல்ல மறந்துவிடும் இடர்ப்பாடுகள் அவருக்கு நினைவிருக்கும். உடன் பணிபுரிவோரையும் நண்பர்களையும் தவிர்த்துவிடுங்கள்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, பயன்பாட்டு ஆய்வாளர்களான நீல்சன், லாண்டவர் இருவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கைத்தான் பலரும் சுட்டுவார்கள். ஒரு பயனர் சராசரியாக 31 விழுக்காட்டுச் சிக்கல்களை வெளிக்கொணர்வார் என்று கொண்டால், 5 பேரிடம் ஏறத்தாழ 85 விழுக்காடு தெரிந்துவிடும். ஆனால், பயன்பாட்டுச் சிக்கல்களைக் கண்டறியும் சோதனைக்கே இது பொருந்தும். எத்தனை விழுக்காட்டினர் செயலியை விரும்புகிறார்கள் என்று அளக்க இந்த ஐவர் போதவே மாட்டார்கள். தாமே செலுத்துவோர், பெற்றோருக்காகச் செலுத்துவோர் என்று பயனர்கள் வேறுபட்டால், ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே ஆள் சேர்க்க வேண்டும்.

ஒப்புக்கொண்ட அனைவரும் வந்துவிடமாட்டார்கள் என்பதால், கூடுதலாக ஓரிருவரை அழைத்துவையுங்கள். அவர்கள் வந்து, தேவைப்படாமல் போனாலும், பேசிய சன்மானத்தைக் கொடுத்தே அனுப்புங்கள்.