வாசகர் கேள்வி: நீண்ட கைகளும் செங்காவி வயலும்

கேள்வி: அண்மையில் பார்த்த ஓவியக் கண்காட்சி ஒன்றில், நடவு நடும் பெண்களின் கைகள் அளவுக்கு மீறி நீண்டிருந்தன, முகங்களே இல்லை, வயல் செங்காவி நிறத்தில் இருந்தது. உணர்ச்சியை வெளிப்படுத்தும் பாணி என்று விளக்கம் சொன்னார்கள். வரையத் தெரியாததை மறைக்கும் வழியா இது? (வாசகர், பாபநாசம்)

பதில்: உருவத்தைக் குலைத்துவிட்டு அதற்கு உணர்ச்சி என்று பெயர் சூட்டும் படங்களும் உண்டு என்பதால் தங்கள் ஐயம் நியாயமானதே. ஆனால், எந்த உறுப்பு மாற்றப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நாள் முழுவதும் குனிந்து நாற்று ஊன்றும் பெண்ணின் உழைப்பு இடுப்பிலும் முதுகிலும் கையிலுமே தங்கியிருக்கிறது. வரப்பில் நின்று பார்ப்பவருக்கு அவர் முகம் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆகவே, அங்கே கை நீள்வதில் பொருள் இருக்கிறது. கரையில் ஓய்ந்து நிற்கும் பெண்ணுக்கும் அதே கையை வரைந்திருந்தால், அதை வெறும் கைப்பழக்கம் என்றே நான் சொல்வேன்.

நிறத்துக்கும் இதே அளவுகோல்தான். டச்சு ஓவியர் வான்கா 1888இல் பிரான்சின் ஆர்ல் நகரில் தீட்டிய ‘விதைப்பவன்’ ஓவியத்தில் உழுத நிலம் ஊதாவாகவும் வானம் மஞ்சளாகவும் இருக்கின்றன; மஞ்சளுக்கு எதிர்நிறமான ஊதாவை அருகில் வைத்ததால்தான் அந்த வெயில் நம் கண்ணைத் தாக்குகிறது. செங்காவி வயலும் அப்படி எதையேனும் உணர்த்துகிறதா என்றே கேட்க வேண்டும்.

உணர்ச்சியை உருவத்திலேயே காட்டும் இந்த வேகம் நமக்கு அந்நியமானதும் அன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியிலிருந்து 1931இல் கண்டறியப்பட்ட சோழர் ஓவியங்களில், தேரில் நின்று போரிடும் திரிபுராந்தகரின் (முப்புரம் எரித்த சிவனின்) விழிகளைப் பாருங்கள். உடலின் முறுக்கும் வெகுண்ட பார்வையும் ஒரே விசையில் எழுந்தவை.

கேள்வி: எங்கள் ஊர் வயல்களை வரைகிறேன். எல்லாமே பச்சையாகி, நாட்காட்டிப் படம் போல ஆகிவிடுகின்றன. என்ன செய்யலாம்? (மாணவி, மன்னார்குடி)

பதில்: டெல்டா ஆண்டு முழுவதும் பச்சையாக இருப்பதில்லை. வாய்க்காலில் வரும் புதுத்தண்ணீரின் வண்டல் நிறம், சேறடித்த வயலில் விழும் வானம், அறுவடைக்குப் பிந்திய தாள், கோடையில் வெடித்த களிமண் என ஒவ்வொன்றையும் அந்தந்தப் பருவத்தில் நேரில் சென்று பாருங்கள். பிரான்சின் மலையடிவார ஊரான செரேயில் சூட்டின் என்ற ஓவியர் தீட்டிய நிலக்காட்சிகளில் வீடுகளும் மரங்களும் முறுக்கிக்கொண்டு சரியும். அந்தச் சரிவை அப்படியே நம் சமவெளிக்குக் கொண்டுவந்தால் படம் பொய்யாகிவிடும். இங்கே வரப்பும் வாய்க்காலும் அடிவானமும் பார்வையைப் பக்கவாட்டில் இழுக்கின்றன. தென்னையும் கோபுரமும் குனிந்து நிமிரும் மனிதரும் மட்டுமே அந்த இழுப்பை வெட்டுகிறார்கள்.

சில மாதங்கள் வண்ணத்தைத் தொடாமல் கரித்துண்டால் மட்டும் வரையுங்கள். திருச்சி மாவட்டத்தில் பிறந்த ஓவியர் கே. எம். ஆதிமூலம், காந்தியைக் கறுப்பு வெள்ளைக் கோடுகளிலேயே எவ்வளவு உயிரோடு நிறுத்தினார் என்பதைப் பார்த்துப் பயிலலாம். நிலத்தை முழுவதும் முடித்துவிட்டு அதன்மேல் ஆளை ஒட்டவைக்காதீர்கள். முதுகின் வளைவை இழுத்த கை, அதே வேகத்தில் வரப்பையும் இழுக்கட்டும்.