மனச்சிதைவு நோய் உள்ளவர் வண்டி ஓட்டலாமா?

கேள்வி: என் மகனுக்கு வயது 29. ஆறு ஆண்டுகளாக மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெறுகிறான். நோய் முற்றியிருந்த காலத்தில், பின்னால் வரும் கார்களெல்லாம் தன்னைப் பிடிக்கவே வருகின்றன என்று பயந்து, நடுச்சாலையில் பைக்கைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான். இரண்டு ஆண்டுகளாக நலமாக இருக்கிறான். தினமும் இரவு டி.வி. பார்த்து முடித்துப் பதினொன்றரை மணிக்கு ஓலன்சபின் 15 மில்லிகிராமும் டிரைஹெக்சிபெனிடிலும் சாப்பிடுகிறான். இப்போது லேத் பட்டறையில் வேலை. காலை 6 மணிக்கு ஷிப்டு. பைக்கில் போகிறேன் என்கிறான். அனுப்பலாமா, டாக்டர்? லைசென்ஸில் சிக்கல் வருமா?
- ஒரு தாய், கோவை

பதில்: அம்மா, நோயின் பெயரை மட்டும் வைத்து ஒருவர் வண்டி ஓட்டலாம், கூடாது என்று முடிவு செய்வதற்கில்லை. சந்தேகமும் காதில் குரல்களும் மேலோங்கியிருக்கும் நாட்களில் அவர் கண்டிப்பாக ஓட்டக் கூடாது. அன்று உங்கள் மகன் தப்பியது அதிர்ஷ்டம்தான். நோய் அடங்கி, மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, தனக்கு வந்தது நோய்தான் என்று உணர்ந்திருப்பவரின் நிலை வேறு. பிரிட்டனில் இதற்குக் கால வரையறையே உண்டு: கார், பைக் ஓட்டக் குறைந்தது 3 மாதங்கள் நலமாக இருந்திருக்க வேண்டும், லாரி, பேருந்து என்றால் 12 மாதங்கள். நம் மோட்டார் வாகனச் சட்டம் அப்படி மாதக் கணக்குச் சொல்வதில்லை. ஆனால், பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய நோய் உண்டா என்று விண்ணப்பத்தோடு தரும் உடல்தகுதி உறுதிமொழியில் கேட்கிறார்கள். அங்கே பொய் எழுத வேண்டாம். சிகிச்சையளிக்கும் மருத்துவரின் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தகுதியற்ற மனநிலையில் ஓட்டினால், 2019 திருத்தத்தின்படி முதல் முறைக்கு 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க 186-ஆம் பிரிவு இடம் தருகிறது.

என்னை உறுத்துவது நோயைவிட அந்தப் பதினொன்றரை மணிதான். ஓலன்சபின் விழுங்கிய ஏறத்தாழ 6 மணி நேரத்தில்தான் இரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொடும். அதாவது, உங்கள் மகன் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கிளம்பும் ஐந்தரை மணிக்கு! அதே மாத்திரையை இரவு 8 மணிக்குச் சாப்பிட்டால் உச்சம் தூக்கத்திலேயே கடந்துவிடும்; அந்த மாத்திரை தரும் தூக்க மயக்கம் காலையில் முழுவதும் போகாவிட்டாலும் கணிசமாகக் குறையும். நேரத்தை மாற்றலாமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். டிரைஹெக்சிபெனிடில் கை நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் கொடுப்பது. அது கண்மணியை விரித்துப் பார்வையை மங்கச் செய்வதால், விடியாத இருட்டில் எதிரே வரும் லாரியின் முகப்பு வெளிச்சம் பலருக்குக் கண்ணைக் கூசும். அந்த மாத்திரை இன்னமும் தேவைதானா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஒருமுறை எழுதியது ஆண்டுக்கணக்கில் சீட்டில் தொடர்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன். மருந்தளவு மாறும் ஒவ்வொரு முறையும் முதல் சில நாட்கள் பேருந்தில் போகட்டும். வண்டி ஓட்டுவதற்காக ஒரு வேளை மாத்திரையைச் சாப்பிடாமல் விடுவது மட்டும் கூடவே கூடாது. மதுவும் அப்படியே.

ஒரு வாரம் காலையில் அவரைக் கவனியுங்கள். இரண்டு முறை கூப்பிட்டால்தான் எழுகிறாரா, டம்ளரைப் பிடிக்கும் கை நடுங்குகிறதா, கேட்டதற்குப் பதில் தாமதமாக வருகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பார்த்த பிறகே சாவி. இல்லையென்றால், முதலில் ஞாயிற்றுக்கிழமை பகலில், நெரிசல் இல்லாத தெருவில், பழகிய ஒருவரைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிப் பார்க்கட்டும்.

இன்னொன்று, அவர் நலமாக இருக்கும் இப்போதே பேசி முடிவு செய்ய வேண்டியது. தூக்கம் இரண்டு இரவு சேர்ந்தாற்போல் குறைந்தாலோ, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பேச்சு மறுபடி எழுந்தாலோ, சாவியை யாரிடம் கொடுப்பது என்பதை அவரே சொல்லட்டும். அவர் சொல்லும் பெயர் உங்களுடையதாக இல்லாவிட்டால் வருந்தாதீர்கள், அந்த நபரிடமே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.