உப்புவெளி வீட்டு நீச்சல் குளத்துக்கு எந்தத் தானியங்கிக் கிளீனர் நல்லது?

கேள்வியில் நீங்கள் சொன்னது இதுதான்: திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் அப்பாவும் அம்மாவும் இருக்கும் வீட்டு வளவில் 8 மீற்றருக்கு 4 மீற்றர் குளம், உள்ளே முழுக்க டைல்ஸ், பக்கத்தில் ஒரு வேப்பமரம், கடற்கரை நடை தூரத்தில். டொரொன்டோவில் இருக்கும் அண்ணா ஆவணியில் வரும்போது குளம் கழுவும் ரோபோ ஒன்று கொண்டு வருகிறேன் என்கிறார். குளம் கட்டிய ஆட்களோ ஹோஸில் பூட்டுகிற கிளீனரே போதும் என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

முதல் வேலையாக அண்ணாவுக்கு ஒரு மெசேஜ் போட்டு, வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கனடாவில் வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், இலங்கையில் நமக்கு 230. வயர் உள்ள ரோபோவுக்குள் ஓடுவது 24, 30 வோல்ட் அளவிலான டீசி கரண்ட்தான். அதை மாற்றிக் கொடுக்கும் பெட்டி கரையில் இருக்கும். அங்கே விற்கும் ரோபோக்களுக்கு அந்தப் பெட்டி பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கென்றே வருகிறது. இங்கே கொண்டு வந்து நேராகச் செருகினால் அதோடு கதை முடிந்தது. லேபிளில் 100 – 240 வோல்ட் என்று அச்சடித்திருந்தால் மட்டும் பயமில்லை. லண்டனில் இருந்தோ சிட்னியில் இருந்தோ வந்தால் வோல்ட் சிக்கல் கிடையாது, ஆனால் வாரண்டி அநேகமாக விற்ற நாட்டோடு நின்றுவிடும். பத்துக் கிலோ சாமானை லண்டனுக்குத் திருப்பி அனுப்பித் திருத்தி எடுக்க யாருக்கு மனம் வரும்?

நான் நிலாவெளி வீதியில் சில அறைகள் உள்ள விருந்தினர் விடுதி நடத்துகிறேன். குளத்தைக் கூட்டிக் கழுவுவதும் நான்தான். அதனால் கடை விளம்பரத்தில் வராத சில விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறேன்.

இந்தக் கிளீனர்களில் மூன்று வகை உண்டு. குளம் கட்டிய ஆட்கள் சொல்லும் உறிஞ்சும் வகைக்குத் தனி மோட்டர் கிடையாது. குளத்துப் பம்ப் இழுக்கும் இழுவையிலேயே அது தரையில் ஊர்ந்து போகும், எடுக்கும் குப்பை எல்லாம் ஹோஸ் வழியாகப் பம்புக்கும் ஃபில்டருக்கும் வந்து சேரும். 1970-களில் தென்னாப்பிரிக்காவில் வந்த கிரீப்பி கிராலி இந்த வகைதான். இன்றைக்கும் அதன் அடிப்படை மாறவில்லை. இரண்டாவது, அழுத்தத்தில் ஓடும் வகை. பம்ப் திருப்பி அனுப்பும் தண்ணீரின் வேகத்தில் ஓடி, குப்பையைத் தன் பையிலேயே சேர்க்கும். இதில் பலவற்றுக்குத் தனியாக ஒரு பூஸ்டர் பம்பும் தனிப் பைப் லைனும் வேண்டும். கட்டி முடித்த குளத்தில் அதற்காக டைல்ஸை உடைப்பது வீண் வேலை, எனவே இதை விட்டுவிடலாம். மூன்றாவது ரோபோ. சொந்த மோட்டர், சொந்தக் கூடை. குளத்துப் பம்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இயந்திரம் என்னவெல்லாம் செய்யும் என்பதைப் பிறகு பார்க்கலாம். உங்கள் குளத்தில் என்ன விழுகிறது என்று முதலில் பாருங்கள். நம்மூரில் அது காற்றைப் பொறுத்தது. வைகாசியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கினால் ஆவணி வரைக்கும் காய்ந்த சருகும் புழுதியும் வளவு மண்ணும்தான். அதோடு கடலில் குளித்துவிட்டு நேராகக் குளத்துக்குள் இறங்கும் ஆட்களின் காலோடு வரும் மணல் வேறு. (படிக்குப் பக்கத்தில் ஒரு குழாயும் கால் கழுவ ஒரு தொட்டியும் வைத்தால் பாதி மணல் குறையும். எந்த ரோபோவையும் விட மலிவு.) ஐப்பசிக்குப் பிறகு வாடைக் காற்றோடு மழை வந்தால் விஷயம் மாறிவிடும். ஈர இலை, முறிந்த சுள்ளி, வளவில் இருந்து வழிந்து வரும் சேறு, அதற்குப் பின்னால் பாசி. வேப்பமரம் இருக்கிறபடியால் உங்களுக்குப் பூவும் பழமும் கொட்டையும் கூடுதல் வரும்படி.

இந்தக் குப்பையோடு உறிஞ்சும் கிளீனர் என்ன செய்யும்? இலை பம்பின் கூடையில் நிற்கும். மணல் நிற்காது. அது கூடை ஓட்டைகளால் நழுவி, பம்பின் இறக்கையை உரசிக்கொண்டு ஃபில்டருக்குப் போகும். வேப்பங்கொட்டை கிளீனரின் தொண்டையில் சிக்கக்கூடும், அப்படிச் சிக்கினால் எடுக்கும்வரை அது ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கும். ஃபில்டர் அடைக்க அடைக்க அழுத்தமானியின் முள் ஏறும். சுத்தமாக இருந்தபோது காட்டிய அளவைவிட 8 முதல் 10 பீஎஸ்ஐ ஏறினால் திருப்பிக் கழுவ வேண்டும், அதாவது தண்ணீரை ஃபில்டருக்குள் எதிர்ப்பக்கமாக ஓட்டி அழுக்கை வெளியே தள்ள வேண்டும். இங்கேதான் தண்ணீர்க் கணக்கு வருகிறது. நிமிடத்துக்கு 200 லீற்றர் தள்ளும் பம்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 நிமிடம் திருப்பிக் கழுவினால் 600 லீற்றர் நல்ல தண்ணீர், போட்ட குளோரினோடு சேர்ந்து வெளியே போய்விடும். மாரியில் அது பெரிய விஷயமில்லை. கச்சான் காலத்தில், கிணறு கீழே போய் உவர்ப்பு ஏறுகிற நேரத்தில், வாரத்துக்கு ஒரு தடவை அப்படிக் கொட்டுவதை யோசித்துப் பாருங்கள். ரோபோ எடுக்கும் மணல் அதன் கூடையிலேயே நிற்கிறது. கூடையைக் கழுவ இரண்டு வாளி தண்ணீர் போதும். என்னுடைய கணக்கில் ரோபோவுக்குக் கூடுதல் காசு கொடுக்க இது ஒன்றே போதுமான காரணம்.

கரண்ட் மிச்சம் என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். 180 வாட் ரோபோ 2 மணி நேரம் ஓடினால் 0.36 யூனிட்தான், அது உண்மை. ஒரு குதிரைவலுப் பம்ப் 4 மணி நேரம் ஓடினால் 4 யூனிட் வரை போகும், அதுவும் உண்மை. ஆனால் கிளீனர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பம்ப் ஓடித்தான் ஆக வேண்டும். உங்கள் குளத்தின் சராசரி ஆழம் 1.4 மீற்றர் என்றால் கிட்டத்தட்ட 45,000 லீற்றர். மேலே சொன்ன பம்பில் அது ஒரு தடவை முழுக்கச் சுற்றி வரவே கிட்டத்தட்ட 4 மணி நேரம் ஆகும். அந்த நேரத்திலேயே உறிஞ்சும் கிளீனரும் ஓடிவிடும். ஆகவே கரண்ட் பில்லில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

உறிஞ்சும் கிளீனரை ஸ்கிம்மரில் பூட்டினால் இன்னொரு தொல்லை இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. ஸ்கிம்மரின் வேலை மேலே மிதக்கும் இலையை இழுத்துக்கொள்வது. கிளீனர் ஓடும் நேரம் முழுக்க அந்த இழுவை கீழே போய்விடுகிறது, மிதக்கும் இலை அப்படியே நனைந்து ஊறி அடியில் இறங்கும். பிறகு அதையும் கிளீனர்தான் பொறுக்க வேண்டும். சுவரில் தனியாக வாக்கும் (vacuum) ஓட்டை, அதாவது கிளீனர் ஹோஸைப் பூட்டும் துளை, வைத்துக் கட்டியிருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

சரி, ரோபோ என்றே முடிவெடுத்தால் எதைப் பார்த்து வாங்குவது? ஆப், வைஃபை, நிறம் மாறும் லைட் எல்லாம் கடைசி. முதலில் பிரஷ். டைல்ஸ் குளத்தில் நிறையப் பேர் ஏமாறுவது இதில்தான். சாதாரண பீவீசி பிரஷ் சிமெந்துப் பூச்சில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் வழுவழுப்பான டைல்ஸில் சறுக்கும். ரோபோ சுவரில் அரைவாசி ஏறிவிட்டுத் தொப்பென்று விழுவதைப் பார்த்து மெஷின் பழுது என்று நினைப்பார்கள். பீவீஏ என்கிற ஸ்பொஞ்சு மாதிரியான பிரஷ் போட்டால் அதே மெஷின் தண்ணீர் விளிம்பு வரை ஏறும். அந்த பிரஷ் சீக்கிரம் தேயும், ஆகவே அது தனியாக வாங்கக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது கூடை. மேல்பக்கம் திறந்து கையால் தூக்கி எடுக்கும் கூடையாக இருக்கட்டும். அடியில் பை கட்டிய பழைய வகை என்றால் ஒவ்வொரு தடவையும் மெஷினைக் கவிழ்க்க வேண்டும். உங்கள் அப்பாவின் முதுகை நினைத்துக்கொள்ளுங்கள். பல ரோபோக்கள் 8 முதல் 10 கிலோ, தண்ணீரோடு தூக்கும்போது இன்னும் கனக்கும். வயரை மெதுவாக இழுத்துக் கரைக்குக் கொண்டு வந்து, கைபிடியைப் பிடித்து, பாதி வெளியே வந்த நிலையில் தண்ணீர் வடியும்வரை பொறுத்துத்தான் தூக்க வேண்டும். வயரிலேயே தொங்கவிட்டுத் தூக்கினால் வயர் உள்ளே அறுந்து போகும். வலையில் இரண்டு வகையும் வேண்டும்: இலைக் காலத்துக்குப் பெரிய கண், கச்சான் புழுதிக்குச் சின்னக் கண். மணலைச் சாதாரண வலையே பிடித்துவிடும். வீதிப் புழுதிதான் பெரிய கண்ணுக்குள்ளால் போய்த் திரும்பத் தண்ணீரைக் கலக்கும்.

வயர் இல்லாத பற்றரி ரோபோக்கள் இப்போது மலிவாகி வருகின்றன. வயர் முறுக்காது, தூக்கவும் லேசு, அம்மாவே கையாளலாம். ஆனாலும் நான் வாங்கமாட்டேன். லித்தியம் பற்றரி வெக்கையில் சீக்கிரம் பலம் குறையும், நம்மூர் வெக்கையைச் சொல்லவே வேண்டாம். பற்றரி போனால் அதை மட்டும் மாற்ற முடியாத மாதிரி மூடிச் செய்த மெஷின்கள் நிறைய. தபாலில் எடுக்கலாம் என்றால் லித்தியம் பற்றரியை விமானத்தில் அனுப்ப ஆயிரம் கட்டுப்பாடு. மிகச் சின்னக் குளம், நிழலான இடம் என்றால் யோசிக்கலாம்.

எந்த மெஷினாக இருந்தாலும் வேலை முடிந்ததும் வெளியே எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் வையுங்கள். குளத்துக்குள்ளேயே விட்டுவைத்தால் குளோரின் ரப்பரைத் தின்னும், வெயிலில் போட்டால் வயரின் உறை வெடிக்கும், கடல் காற்று பெட்டியின் ஆணி வரைக்கும் துருவேற்றும். குளோரின் அதிகமாகப் போடும் நாளில் கட்டாயம் வெளியே இருக்க வேண்டும். இன்னொன்று, பல ரோபோக்களின் கையேட்டில் தண்ணீர் 35 பாகையைத் தாண்டக் கூடாது என்று இருக்கும். மேலே நிழலில்லாத ஆழம் குறைந்த குளம் ஆடி மாதத்து மத்தியானத்தில் அதை நெருங்கிவிடும், ஆகவே காலையில் ஓட்டுங்கள்.

கரண்ட் பெட்டி குளத்து ஓரத்தில் இருந்து 3.5 மீற்றராவது தள்ளி, தரையை விட்டு உயரத்தில், நிழலில் இருக்க வேண்டும். அந்த லைனில், கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்தும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். ரோபோ உள்ளே இருக்கும்போது பிள்ளைகள் யாரும் இறங்கக் கூடாது, இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

மழைக்குப் பிறகு குளம் பச்சையாகிவிட்டால் ரோபோவை இறக்கிப் பயனில்லை. பாசி வலையை அடைத்துவிடும், அடைக்காதது திரும்பத் தண்ணீருக்குள் வரும். முதலில் பீஎச் அளவை 7.2 – 7.6 அளவில் கொண்டு வந்து, குளோரின் போட்டுப் பாசியைக் கொல்லுங்கள். அடியில் படிந்ததைக் கைவாக்குமால் இழுத்து, வால்வைக் கழிவுப் பக்கம் திருப்பி ஃபில்டருக்குப் போகாமல் வெளியேற்றுங்கள். அதற்குப் பிறகுதான் ரோபோ.

எங்கே வாங்குவது என்றால், கொழும்பில் ஆள் வைத்துத் திருத்திக் கொடுக்கும் விற்பனையாளரிடம். வாங்க முன் போன் போட்டு மூன்று சாமான் கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள்: பிரஷ், ஓடும் பட்டி, வயர். மோட்டர் பழுதானால் எத்தனை நாளில் திருத்துவார்கள், திருகோணமலையில் இருந்து யார் கொண்டு போவது என்பதையும் கேளுங்கள். தடுமாறினால் அடுத்த கடை. அப்படி ஒரு கடையும் அமையாவிட்டால் குளம் கட்டிய ஆட்கள் சொல்வதே சரி. உறிஞ்சும் கிளீனரில் பழுதாகக்கூடியது ஒரு டயஃப்ரம் (ரப்பர் சவ்வு), ஒரு ரப்பர் அடி, ஹோஸ், அவ்வளவுதான். ஆனால் பம்புக்கு முன்னால் ஹோஸிலேயே பூட்டுகிற இலைக் கூடை ஒன்றையும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். வேப்பமரத்துக்குப் பக்கத்தில் அது இல்லாமல் பம்ப் கூடையைக் கழற்றிப் பூட்டியே அப்பாவுக்குப் பொழுது போகும்.

உங்கள் குளத்தில் தனி வாக்கும் ஓட்டை இருக்கிறதா, டைல்ஸ் வழுவழுப்பா சொரசொரப்பா, படி எந்தப் பக்கம் என்று கீழே எழுதுங்கள். பார்த்துவிட்டு வயர் எத்தனை மீற்றர் வேண்டும் என்று சொல்கிறேன்.