லாவோஸில் மெகாங் ஆற்றில் இரண்டு நாள் படகுப் பயணம்: வயதான அப்பாவைக் கூட்டிப் போகலாமா, அலுத்துப் போகாதா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகலாம். நான் என் அப்பாவைக் கூட்டிக்கொண்டு 2023 டிசம்பரில் போய்வந்தேன். அப்போது அவருக்கு 71 வயது. சர்க்கரை உண்டு, இடது முழங்காலில் வலி உண்டு, ராத்திரி மூன்று தடவை எழுந்து பாத்ரூம் போகிறவர். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், "கல்லு மாதிரி இருக்கிற ஆளைக் கூட்டிப் போய்விட்டு ஊருக்கு உபதேசம் செய்கிறாள்" என்று கீழே யாராவது வந்து எழுதக்கூடாது.

"சும்மா உட்கார்ந்தே இருந்தால் அலுத்துப் போகாதா" என்ற உங்கள் வரியைப் படித்ததும் சுருக்கென்றது. இதே வார்த்தையை என் அண்ணன் சொல்லியிருக்கிறான். உங்கள் வீட்டிலும் அப்படிக் கேட்க ஒரு ஆள் இருப்பார் என்று நினைக்கிறேன், அதனால்தான் இங்கே வந்து கேட்கிறீர்கள்.

நீங்கள் மனதில் வைத்திருப்பது வெள்ளைத் துணி விரித்த மேஜையும் படுக்கையறையும் உள்ள கப்பல் என்றால், அதுவும் அந்த ஆற்றில் ஓடுகிறது, விலை வேறு. நாங்கள் போனது ஊர்க்காரர்களும் மூட்டை முடிச்சோடு ஏறுகிற சாதாரணப் படகு, ஆங்கிலத்தில் ஸ்லோ போட் என்பார்கள். தாய்லாந்தில் சியாங் காங் வரை பஸ். அங்கே இரண்டு நாட்டுக்கும் நடுவே ஆற்றின் மேல் 2013-இல் திறந்த நட்புறவுப் பாலம் இருக்கிறது, அதை நடந்து கடக்க விடமாட்டார்கள், அவர்களுடைய பஸ்ஸில்தான் ஏற வேண்டும். அந்தப் பக்கம் லாவோஸின் ஹுவாய் சாய். அங்கிருந்து படகு போய்ச் சேருகிற லுவாங் பிரபாங் ஊர் வரை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். முதல் நாள் ஆறு மணி நேரம், மறுநாள் ஏழெட்டு மணி நேரம். ராத்திரி படகு ஓடாது, நடு ஆற்றில் அவ்வளவு பாறை. பாக் பெங் என்ற சின்ன ஊரில் இறங்கி ரூம் எடுத்துத் தூங்க வேண்டும்.

படகு மரத்தால் ஆனது, நீளமாக, ஒடுக்கமாக, ரயில் பெட்டியை இறுக்கி ஆற்றில் விட்ட மாதிரி இருக்கும். உட்கார, பழைய வேன்களில் கழற்றிய சீட்டுகள். பாதி சீட்டுகளைத் தரையோடு முடுக்கவில்லை, சாய்ந்தால் கூடவே சாய்கின்றன. முன்னால் படகோட்டி, பின்னால் என்ஜின், அதற்கும் பின்னால் அவருடைய குடும்பம். அடுப்பு, தொட்டில், கொடியில் காயும் துணி எல்லாம் அங்கேதான்.

ஏறும்போதே ஒரு கூத்து. கரையிலிருந்து படகுக்கு ஒரே ஒரு பலகை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று யாரோ சொல்ல, அப்பா கரையிலேயே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். நடுப் பலகையில் கால் ஆடியது, நான் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்தேன், அவர் தப்பித்தார். ஒரு செருப்பு தண்ணீரில் விழுந்துவிட்டது. கறுப்பு ரப்பர் செருப்பு, முசிறி கடைத்தெருவில் வாங்கியது. அது நிதானமாகச் சுற்றிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு பலகை மேலேயே நின்றுவிட்டார். பின்னால் இருபது பேர் ஏறக் காத்திருக்கிறார்கள்.

"இந்த ஆறு எங்கம்மா போகுது?"

"லாவோஸ் தாண்டி கம்போடியா, அப்புறம் வியட்நாம், கடல்."

"அப்ப செருப்பும் போயிரும்."

"போகாதுப்பா. கீழ சயாபுரின்னு ஒரு ஊர்ல 2019-லேருந்து அணை ஓடுது. அங்க மாட்டிக்கும்."

"இங்கயுமா!" என்றார்.

காவிரிக் கரைக்காரர் அவர். கோரை பயிரிட்டவர், சின்ன வயதில் குளித்தலைக்குப் பரிசலில் போய்வந்தவர். அந்த "இங்கயுமா"வில் மேட்டூர் தொடங்கி எல்லாம் இருந்தது.

சரி, அலுப்பு விஷயத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு மணி நேரம் வலது கரை தாய்லாந்து, இடது கரை லாவோஸ். அப்புறம் இரண்டு பக்கமும் லாவோஸ்தான், மலை, மூங்கில், தேக்கு, எப்போதாவது மேட்டில் நாலைந்து வீடு. இதைத்தான் "ஒன்றுமே இல்லை" என்கிறார்கள். எனக்கே மதியத்துக்கு மேல் அலுத்துவிட்டது, ஒளிக்க என்ன இருக்கிறது, போனில் சிக்னலும் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் பீர்லாவோ குடித்துக்கொண்டு சீட்டு ஆடினார்கள். ஒரு பையன் அப்பாவுக்கும் ஒரு பாட்டிலை நீட்ட, "சுகர், சுகர்" என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

மற்றபடி அப்பா தலை திரும்பவே இல்லை. படகோட்டிக்கு இரண்டு சீட் பின்னால் இடம் பிடித்திருந்தோம். டிசம்பரில் தண்ணீர் இறங்கிவிடுவதால் பாறைகள் வெளியே தெரிகின்றன, சிலவற்றின் மேல் வெள்ளையடித்த கான்கிரீட் குறிகள் உண்டு. படகு நேராகப் போகாமல் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மாறி மாறிப் போனது. நான் ஏதோ ஊரில் நிறுத்தப் போகிறார்கள் என்று நினைத்தேன். அப்பாதான் சொன்னார், "நுரை தெரியற பாறைய விடு, அது தெரிஞ்சிரும். தண்ணி மழமழன்னு வந்து திடீர்னு ஒரு இடத்துல தோல் சுருங்கின மாதிரி இருக்கு பார், அதுக்கு அடியிலதான் பாறை. அவன் அதத்தான் பாத்து ஒதுங்கறான்." அதற்கப்புறம் ஒவ்வொரு வளைவிலும், "இப்ப இடது பக்கம் ஒடிப்பான் பாரு" என்று முன்கூட்டியே சொல்ல ஆரம்பித்தார். பத்துக்கு ஏழு சரியாக இருந்தது. தப்பாகப் போனபோது கொஞ்ச நேரம் கம்மென்று இருந்துவிட்டு, "இது வேற ஆறு" என்றார்.

தண்ணீர் வடிந்த படுகையில் கடலை போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். நம் ஊரில் மணலை அள்ளிப் பள்ளமாக்கிய பிறகு எங்கே போய்ப் பார்ப்பது. ஒரு ஊரில் படகு ஒதுங்கி, இரண்டு பெண்களும் ஒரு சாக்கு அரிசியும் இறங்க ஐந்து நிமிடம் ஆனது. அதற்குள் கரையில் நின்ற கிழவரிடம் சைகையிலேயே எத்தனை மாதப் பயிர் என்று கேட்டார். அந்தக் கிழவர் ஏதோ விரல் காட்டினார். மாதமா, விலையா, பிள்ளைகள் எத்தனை என்றா, தெரியாது. இரண்டு பேருக்கும் பரம திருப்தி.

இப்போது கஷ்டங்கள். ஒரே கழிப்பறை, என்ஜின் பக்கத்தில், சத்தத்தில் காது அடைத்துவிடும். காலையில் ஆற்றின் மேல் பனிமூட்டம், படகுக்குச் சன்னல் கிடையாது, சுருட்டி இறக்குகிற தார்ப்பாய்தான், ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். பாக் பெங்கில் கரை செங்குத்து, அப்பா பாதி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார், பையைத் தூக்க வந்த பையன்தான் கையைப் பிடித்து ஏற்றினான். சாப்பாடு சைவத்துக்குச் சிரமம், காய்கறியில்கூட மீன் சாறு விழும். பாக் பெங்கில் இந்தியச் சாப்பாடு கிடைக்கிறது. படகில் நாங்கள் மூங்கில் கூடையில் விற்ற ஒட்டரிசிச் சோற்றை வாங்கி, கொண்டுபோன பருப்புப் பொடியில் பிசைந்தோம். பிசைய வராது, உருண்டையாக உருட்டித் தொட்டுக்கொள்ள வேண்டும். ஸ்பீட் போட் என்று ஒன்று இருக்கிறது, ஹெல்மெட் போட்டு உட்காரவைத்து ஒரே நாளில் கொண்டுபோய் விடுவார்கள். பாறைக்கு நடுவே அந்த வேகத்தில் போகிறது, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அண்ணனைப் பற்றிச் சொன்னேனே. அம்மா இறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் வந்து அரை மணி நேரம் வழிகாட்டுவான். படகில் எடுத்த போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டதும், "எழுபது வயசுக்காரரை ஓட்டைப் படகுல ஏத்தி என்ன சாதிச்ச" என்று எழுதினான், நாலு பேர் அதற்குக் கைதட்டினார்கள். இதே அண்ணன் அப்பாவுக்கு ஒரு மசாஜ் நாற்காலி வாங்கி அனுப்பினான். சொந்தக்காரர்கள் இன்னும் அதைச் சொல்லி மாய்கிறார்கள். முசிறி வீட்டுக் கூடத்தில் பாதியை அதுதான் அடைத்திருக்கிறது. அப்பா குளித்துவிட்டு வந்து ஈரத்துண்டை அதன் மேல்தான் காயப்போடுகிறார். நான் ஒரு வருடம் லீவு சேர்த்துக் கூட்டிப்போனது செலவைக் குறைக்க என்று பேச்சு. ஆமாம், குறைவான செலவுதான், அதற்கென்ன இப்போது? நாற்காலியில் பணம் அதிகம், ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் லுவாங் பிரபாங்குக்கு 25 கிலோமீட்டர் இருக்கும்போது திடீரென்று கிரேன்களும் சிமெண்ட் சுவரும் வந்தன. அங்கே 1,460 மெகாவாட்டுக்கு இன்னொரு அணை கட்டுகிறார்கள். படகில் எல்லாரும் போனை எடுத்தார்கள். "செருப்பு சயாபுரி வரைக்குமெல்லாம் போகாது" என்றார் அப்பா. அதைத் தாண்டினால் 'நாம் ஊ' என்ற ஆறு வந்து கலக்கிற இடம், எதிரே சுண்ணாம்புப் பாறையில் ஆயிரக்கணக்கான புத்தர் சிலைகள் உள்ள பாக் ஊ குகை. எங்கள் படகு நிற்கவில்லை. படகுத்துறை ஊருக்குள் இல்லை, இறங்கி ஆட்டோ மாதிரி ஒன்றில் பத்து கிலோமீட்டர் போக வேண்டும், இரண்டு நாள் அசதியில் அது ஒரு வயிற்றெரிச்சல். லுவாங் பிரபாங் 1995-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற ஊர், அழகான கோயில்கள். அப்பாவுக்கு அதெல்லாம் அரை நாளில் போதும் என்றாகிவிட்டது, மிச்ச நேரம் கரைப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

உங்கள் அப்பா டிவியும் பேப்பரும் இல்லாமல் தவிக்கிறவர் என்றால் வேண்டாம், 2021 டிசம்பரில் திறந்த ரயிலில் தலைநகர் வியந்தியானிலிருந்து இரண்டு மணி நேரத்தில் லுவாங் பிரபாங் போய்விடலாம். படகுதான் என்று முடிவு செய்தால் சீக்கிரம் போய் முன்னால் இடம் பிடியுங்கள், பின்பக்கச் சீட் வேண்டாம். மாத்திரையைப் பெரிய பையில் போடாதீர்கள், பெரிய பைகளை ஒரு மூலையில் அடுக்கிவிடுவார்கள், நடுவில் எடுக்க முடியாது. செருப்பு இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். பாக் பெங்கில் பத்தாம் நம்பர் கிடைக்கவில்லை, அப்பா லுவாங் பிரபாங் வரை என் பூப்போட்ட செருப்பில்தான் நடந்தார், குதிகால் பாதி வெளியே.