தாத்தாவின் பழைய பேனாக்களை வெளியூர் நண்பருக்குத் தபாலில் இரவல் அனுப்பலாமா?

மூன்று பேனாக்களைச் சொல்லியிருக்கிறீர்கள். தாத்தா விட்டுச்சென்ற பார்க்கர் 51, லீவர் வைத்த கறுப்பு வாட்டர்மேன் 52, ராஜமுந்திரி ரத்னம் எபனைட் (கெட்டி ரப்பர்) பேனா. நீங்கள் சென்னையில், பேனாப் பிரியரான நண்பர் கோவையில். இரண்டு வாரம் எழுதிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறேன் என்கிறார். ரத்னத்தை அனுப்புங்கள். 51-ஐ ஒரு சோதனைக்குப் பிறகு அனுப்புங்கள். வாட்டர்மேனை அனுப்ப வேண்டாம். அவர் சென்னைக்கு வரும்போது உங்கள் மேஜையில் உட்கார்ந்து ஆசை தீர எழுதட்டும்.

இரவல் என்றதும் எல்லோரும் முதலில் விலையைத்தான் யோசிக்கிறார்கள். விலை குறைந்தது போகட்டும், அதிகமானது வீட்டில் இருக்கட்டும் என்று முடிவு செய்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. மை உள்ளே எதில் நிற்கிறது, உடல் எந்தப் பொருளால் ஆனது, நிப் எவ்வளவு வளையும். இந்த மூன்றையும் பார்த்தாலே எந்தப் பேனா பயணம் போகும், எது போகாது என்று தெரிந்துவிடும்.

உங்கள் ரத்னத்தில் ரப்பர் சாக், அதாவது மை நிற்கும் பை, என்று எதுவும் இருக்க வாய்ப்பில்லை. கழுத்தைத் திருகிக் கழற்றி, உடலுக்குள் நேராக ஃபில்லரால் மை ஊற்றும் வகை அது. 1932-இல் ராஜமுந்திரியில் தொடங்கிய தொழில். சுதேசிப் பேனா வேண்டும் என்ற ஆசையில் பிறந்தது. 1935-இல் காந்தி தமக்கு அனுப்பப்பட்ட இந்தப் பேனாவில் எழுதிப் பார்த்து, கடைத்தெருவில் கிடைக்கும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்று கடிதம் எழுதினார். அந்தப் பெருமையை எல்லாம் தாண்டி, ஒரு பொருளாகவே இது கெட்டி. எபனைட்டைக் கடைசல் பிடித்துச் செய்தது. உள்ளே ஸ்பிரிங் இல்லை, லீவர் இல்லை. நிப்பும் அதற்கு அடியில் இருந்து மை கொடுக்கும் ஃபீடும் அழுத்திச் செருகப்பட்டவை, அவ்வளவுதான். நிப் கெட்டால் வேறு நிப் போடலாம். நம் சாத்தூரில் ஒரு காலத்தில் குடிசைத் தொழிலாக நிப் செய்து நாடு முழுக்க அனுப்பினார்கள். அந்த மாதிரிச் சாதாரண எஃகு நிப்புகளைத் தேடினால் இன்றும் கிடைக்கும். ஆனால் உங்களுடையதில் ரத்னம் என்று பொறித்த தங்க நிப் இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். பேனாவின் மதிப்பில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. அதற்கு மாற்று கிடைப்பது கஷ்டம்.

அடுத்து 51. 1941-இல் சந்தைக்கு வந்தது, லூசைட் என்ற அக்ரிலிக் உடல். கீழே விழுந்தாலும் சட்டென்று உடையாது. நிப்பின் நுனி மட்டும் வெளியே தெரியும், மற்றதெல்லாம் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கும். நிப் விறைப்பானது, யாராவது கொஞ்சம் அழுத்தி எழுதினாலும் தாங்கும். இரவலுக்கென்றே செய்த பேனா என்று சொல்லத் தோன்றும். ஆனால் இதில் இரண்டு வகை உண்டு, அதனால்தான் சோதனை என்றேன். உடலை மெதுவாகத் திருகிப் பாருங்கள், வராவிட்டால் பலம் காட்டாதீர்கள். உள்ளே ஒரு உலோகக் குழாயும் அதில் அழுத்தும் பட்டையும் இருந்தால் அது 1948-இலிருந்து வந்த ஏரோமெட்ரிக் வகை. அதிலுள்ள சாக் ரப்பர் இல்லை, பிவிசி. எழுபது வருடம் கழித்தும் வேலை செய்கிற சாக்குகளைச் சாதாரணமாகப் பார்க்கலாம். பயப்படாமல் அனுப்புங்கள். அப்படி இல்லாமல் பேனாவின் பின்முனையில் ஒரு சின்ன மூடி கழன்று, அதற்குள் அழுத்தும் தண்டு இருந்தால் அது முந்தைய வாக்குமாட்டிக் வகை. அதில் மை இழுப்பது டயாஃபிரம் என்ற ரப்பர் சவ்வு. தாத்தா காலத்து ரப்பர் அப்படியே இருக்கிறதென்றால் அனுப்பாதீர்கள். பழுது பார்ப்பவரிடம் கொடுத்து மாற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாட்டர்மேனை ஏன் வேண்டாம் என்கிறேன்? 52 என்ற எண்ணில் 5 என்பது லீவர் வகை, 2 என்பது நிப்பின் அளவு. லீவரைத் தூக்கினால் உள்ளே ஒரு பட்டை ரப்பர் சாக்கை அமுக்கும், விட்டால் மை ஏறும். பழைய சாக் காய்ந்துபோனால் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். அந்த நிலையில் விவரம் தெரியாமல் லீவரைத் தூக்கினால் லீவரே வளையலாம், உடலிலும் விரிசல் விடலாம். சரி, சாக்கை மாற்றிவிடலாம், அது பெரிய செலவு இல்லை. உடலும் நிப்பும்தான் என் கவலை. உடல் எபனைட்தானே, ரத்னமும் அதே எபனைட்தானே என்று கேட்பீர்கள். நூறு வருடத்துக்கு அருகில் வந்த எபனைட், வெளிச்சமும் ஈரமும் பட்டுப் பட்டு மேற்பரப்பில் மாறியிருக்கும். அதை யாராவது நல்லெண்ணத்தோடு வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் கறுப்பு போய்ப் பழுப்புப் பச்சை வந்துவிடும். மூடியின் விளிம்பில் வளையம் இல்லாத 52 என்றால் இறுக்கி மூடும்போது அங்கே விரிசல் விடலாம்.

நிப் விஷயம் இதைவிட முக்கியம். அந்தக் காலத்து வாட்டர்மேன் 14 காரட் நிப்புகளில் பல நன்றாக வளையக்கூடியவை. லேசாக அழுத்தினால் கோடு அகலமாகும், விட்டால் மெல்லியதாகும். அதைக் கையில் வாங்கியவர் யாராக இருந்தாலும் இன்னும் எவ்வளவு அகலம் வரும் என்று பார்க்க ஆசைப்படுவார். ஒரு எல்லையைத் தாண்டினால் நிப்பின் பிளவுக்கு இரு பக்கமும் உள்ள முள் இரண்டும் விரிந்து, திரும்ப ஒன்றுசேராமல் நின்றுவிடும். அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு, செய்தாலும் பழைய வளைவு முழுசாகத் திரும்பாது. அதனால் இந்த மாதிரி நிப்பை எதிரே உட்கார்ந்து, எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டிக் கொடுத்து எழுதவைப்பதுதான் சரி.

இங்கே ஒரு நம்பிக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேனாவை அடுத்தவருக்குக் கொடுத்தால் நிப் அவர் கைக்குப் பழகிவிடும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எழுதும் முனையில் பொருத்தியிருக்கும் சின்ன மணி தங்கம் இல்லை. இரிடியம், ஆஸ்மியம், ருத்தேனியம் போன்றவை கலந்த மிகக் கடினமான உலோகம். அது தேய்வது உண்மை, ஆனால் வருடக்கணக்கில் எழுதினால்தான் தேயும். இரண்டு வாரத்தில், சாதாரணத் தாளில், அதற்கு ஒன்றும் ஆகாது. இரண்டு வாரத்தில் நிப் மாறிப்போய்த் திரும்பியதென்றால் யாரோ அழுத்தியிருக்கிறார்கள் அல்லது கீழே போட்டிருக்கிறார்கள். இரவலுக்குக் கொடுக்காமல் இருக்க இந்தப் பழைய பயத்தைக் காரணமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஏனென்றால் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. புதுப் பேனா என்றால் கடைக்குப் போய்த் தொட்டுப் பார்க்கலாம். பழைய பேனாவுக்கு அப்படி ஒரு கடை பெரும்பாலும் கிடையாது. படத்தைப் பார்த்துப் பணம் கட்ட வேண்டும், படத்தில் நிப் எப்படி எழுதும் என்பது தெரியாது. ஒரே மாடலில் இரண்டு 51 வாங்கினால் இரண்டும் ஒரே மாதிரி எழுதாது. முனையைத் தேய்த்து வடிவம் கொடுத்த கை வேறு, அதற்குப் பிறகு அதில் எழுதிய கைகளும் வேறு. எனக்கு விறைப்பான நுண் நிப்தான் ஒத்துவரும் என்பதை நான் தெரிந்துகொண்டதே நண்பர்கள் அனுப்பிய பேனாக்களில் எழுதித்தான். இல்லாவிட்டால் வளையும் நிப்புகளாகவே வாங்கிக் குவித்திருப்பேன். உங்கள் நண்பருக்கு நீங்கள் செய்யப்போவது சின்ன உதவி இல்லை.

சரி, அனுப்பும் முறை. முதல் விதி, மை ஒரு துளி இல்லாமல் காலி செய்து காயவைத்து அனுப்புவது. தபால் விமானத்தில் போனால் உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். வேனில் போனால் வெயிலில் அதே வேலை நடக்கும். பெட்டியின் மேல் எந்தப் பக்கம் மேலே என்று எழுதினாலும் அதை யாரும் பார்க்கப் போவதில்லை. 51-ஐக் கழுவ நேரம் ஒதுக்குங்கள். நிப்புக்குப் பின்னால் மெல்லிய தகடு தகடாக, மையைத் தேக்கிவைக்கும் கலெக்டர் என்ற பாகம் இருக்கிறது, அதில் பழைய மை ஒளிந்திருக்கும். தெளிந்துவிட்டது என்று நினைத்த பிறகும் ராத்திரி முழுக்க டிஷ்யூவில் நிப் கீழே இருக்கும்படி நிறுத்திவைத்தால் காலையில் நீலக்கறை தெரியும். அது நிற்கும்வரை கழுவ வேண்டும். அறை வெப்பநிலைத் தண்ணீர் போதும். ஸ்பிரிட், சானிடைசர் பக்கமே போகாதீர்கள். பழைய பேனாக்களில் ஒட்டுக்குப் பயன்படுத்திய அரக்கு அதில் கரையும், செல்லுலாய்டு உடலாக இருந்தால் அதுவும் கெடும்.

கட்டுவதற்கு நான் நம்புவது பிளம்பிங் கடையில் கிடைக்கும் ஒரு அங்குல பிவிசி பைப். பேனாவைவிட இரண்டு அங்குலம் நீளமாக அறுத்து வாங்கி, இரு பக்கமும் எண்ட் கேப். பேனாவைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, உள்ளே ஆடாதபடி இரண்டு முனையிலும் பஞ்சு வைத்து மூடி, டேப் ஒட்டுங்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள். வெயிலில் இளகி ஒட்டிக்கொள்ளும், அதிலுள்ள கந்தகம் வெள்ளி வேலைப்பாடுகளைக் கறுக்கவைக்கும். பைப்பை அப்படியே அனுப்பினால் உருண்டு எங்காவது சந்தில் போய்விடும். ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.

ஸ்பீட் போஸ்ட் போதும். பதிவுத் தபாலை 2025-இல் அதோடு சேர்த்துவிட்டார்கள். காப்பீடு செய்யும் வசதி உண்டா, கட்டணம் என்ன என்று கவுண்டரில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கூரியர் என்றால் ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள். தொலைந்தால் எவ்வளவு தருவார்கள் என்பது பொடி எழுத்தில் இருக்கும். திங்களன்று அனுப்பினால் ஞாயிறு முழுக்கக் கிடங்கில் கிடக்காது. தீபாவளி, பொங்கல் நெரிசலையும் சித்திரை வெயிலையும் தவிர்த்தால் நல்லது.

அனுப்புவதற்கு முன்பு நண்பரோடு பேச வேண்டியதைப் பேசிவிடுங்கள். இதில்தான் பலர் கூச்சப்படுகிறார்கள், அந்தக் கூச்சம்தான் பிறகு நட்பில் கசப்பாகிறது. என்ன மை என்பதை நீங்களே சொல்லுங்கள். தண்ணீரில் போய்விடும் சாதாரண நீல மை மட்டும். மினுக்கும் மை, நிறமித் துகள் மை, இரும்பு கலந்த மை வேண்டாம். என் பேனா ஒன்று மினுக்குத் துகளோடு திரும்பி வந்தது. ஃபீடைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய முடிந்தது. 51-இல் அது நடந்தால் கூட்டையே சூடுகாட்டித் திறக்க வேண்டியிருக்கும். அப்புறம், பேனா அவர் கையைத் தாண்டி வேறு யாருக்கும் போகக் கூடாது. கழற்றிப் பார்க்கக் கூடாது. போகும் செலவு, வரும் செலவு இரண்டும் வாங்குபவருடையது என்பது எங்கள் வட்டத்துப் பழக்கம், அது நியாயமாகவே படுகிறது.

உடைந்தாலோ தொலைந்தாலோ என்ன செய்வது என்பதையும் எழுத்தில் வையுங்கள். வாட்ஸப் செய்தியே போதும். பழுது பார்க்க முடிந்தால் செலவு அவருடையது, யாரிடம் கொடுப்பது என்ற முடிவு உங்களுடையது. தொலைந்தால் எவ்வளவு என்று ஒரு தொகையை இருவரும் இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள். கூடவே நிப்பை லூப் என்ற சின்ன உருப்பெருக்கி வழியாகவும், மூடியின் விளிம்பு, கிளிப், நூல்மரை ஆகியவற்றை அருகிலிருந்தும் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் அந்தப் பேனாவால் நாலு வரி எழுதி, தேதி போட்டு அதையும் பெட்டிக்குள் வையுங்கள். திருப்பி அனுப்பும்போது அவரும் அதே தாளில் எழுதட்டும். பேனா எப்படிப் போனது, எப்படி வந்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

பின்னால் உங்களிடம் வேறு பழைய பேனாக்கள் சேர்ந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். கேசீன் என்ற பால் புரதப் பொருளில் செய்த பழைய கான்வே ஸ்டூவர்ட் பேனாக்கள் தண்ணீரில் ஊறினாலே உப்பிக் கெட்டுவிடும், வாட்டர்மேனைப் போல அவையும் அனுப்பக் கூடாத பட்டியலில்தான். நாட்டுக்கு வெளியே கேட்பவர்களுக்கு நான் எதையும் அனுப்புவதில்லை. திரும்பி வரும்போது அது இறக்குமதிப் பொருளாகிவிடும், என்னுடையதுதான் என்று சுங்கத்தில் காகிதம் காட்டி நிரூபிக்க வேண்டும். இப்போதைக்கு 51 எந்த வகை என்று பாருங்கள். தெரிவதைப் படமெடுத்து நண்பருக்கும் காட்டிவிட்டு, ரத்னத்தை முதலில் அனுப்புங்கள். அது எப்படித் திரும்பி வருகிறது என்று பார்த்துவிட்டு 51-ஐ அனுப்பலாம்.