இசை கேட்டுக் கற்பனை செய்வது சிகிச்சையாகுமா?

கேள்வி: காரைக்குடியில் இருக்கும் அப்பத்தா, ஐயா தவறியதிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை. இசையும் கற்பனையும் கலந்த சிகிச்சை உதவுமா? வீட்டிலேயே செய்யலாமா?

உதவலாம். ஆனால் யூடியூபில் புல்லாங்குழலைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதெல்லாம் சிகிச்சை ஆகாது. இசையும் கற்பனையும் கலந்த இந்தச் சிகிச்சை, 1970களில் ஹெலன் பானி என்ற அமெரிக்க இசைச் சிகிச்சையாளர் வகுத்த முறை. முதலில் பேச்சு. அன்றைக்கு மனதை அழுத்துவது எது என்று பிடிபட்டதும், உடலைத் தளர்த்தி ஒரு தொடக்கக் காட்சியைக் கொடுப்பார்கள். அப்புறம் அரை மணி நேரம் போல மேற்கத்திய செவ்வியல் இசை ஓடும். கேட்பவர் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வருவார். பயிற்சி பெற்றவர் "அங்கே என்ன தெரிகிறது, உடம்பில் எங்கே கனக்கிறது" என்று கேட்டுக் கூடவே போவார். வேலை நடப்பதே இந்தப் பேச்சில்தான். முடிந்ததும் வட்டத்துக்குள் படம் வரைவதும் உண்டு.

அப்பத்தாவுக்கு அந்த இசை ஒட்டுமா என்பது சந்தேகம். வீட்டளவில் என்றால், பிள்ளைகளுக்குப் பாடிய தாலாட்டையே அவரைப் பாடச் சொல்லுங்கள் (செட்டிநாட்டில் தாலாட்டுக்கா பஞ்சம்!). மத்தியானம் வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) தூணில் சாய்ந்து, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் காலை நீட்டிக்கொள்ளட்டும். பாட்டு முடிந்ததும் "என்ன ஞாபகம் வந்தது அப்பத்தா?" என்று மட்டும் கேளுங்கள். அழுதால் தடுக்காதீர்கள்.

இல்லாத குரல் கேட்பது, சாப்பாட்டையே ஒதுக்குவது, சாவைப் பற்றியே பேசுவது என்றிருந்தால் கற்பனைப் பயிற்சி வேண்டாம், மனநல மருத்துவரிடம் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.