வாசகர் கேள்வி – பதில்: ஜன்னல் தொட்டிக்கு முதல் கணக்கு எடை

கேள்வி: முதல் மாடியில் மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளியே மூன்றடி நீளத் தொட்டி வைத்துப் பூச்செடி வளர்க்க ஆசை. எந்தத் தொட்டி வாங்கலாம்? கிரில்லில் மாட்டினால் போதுமா?
– வாசகி, சூரமங்கலம், சேலம்

பதில்: கிரில்லில் மட்டும் மாட்டாதீர்கள். கிரில் என்பது திருட்டைத் தடுப்பதற்காகச் சில திருகாணிகளால் நிலையோடு பொருத்தப்பட்டது. ஆண்டுக்கணக்கில் பாரம் தாங்குவதற்காக அமைக்கப்பட்டதன்று. மூன்றடி நீளமும் எட்டு அங்குல அகலமும் எட்டு அங்குல ஆழமும் கொண்ட தொட்டியில் ஏறத்தாழ 35 லிட்டர் மண் பிடிக்கும். வெறும் செம்மண்ணை நிரப்பி நன்றாக நீரூற்றினால், தொட்டியின் எடையைச் சேர்க்காமலே அது 60 கிலோவை நெருங்கிவிடும். தெருவில் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் இவ்வளவு எடையைத் தலைக்கு மேல் தொங்கவிடுவது பெரும் பொறுப்பு. ஆகவே என்ன பூ என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் எடையைக் குறையுங்கள்.

செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு என்று கலந்தால், நனைந்த நிலையிலும் சுமார் 40 கிலோவில் நிற்கும். நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால், கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். அடியில் ஜல்லி போடும் பழக்கம் பலரிடம் உண்டு. அதனால் எடைதான் கூடுமே தவிர, நீர் விரைவாக வடியாது. அரையடிக்கு ஒரு துளை இட்டு, மண் வெளியேறாதபடி துளையின் மேல் வலைத்துண்டு ஒன்றை வைத்தால் போதும்.

மூன்றடித் தொட்டிக்கு மூன்று இரும்புத் தாங்கிகளைச் சுவரில் ஆங்கர் போல்ட் கொண்டு பொருத்தச் சொல்லுங்கள். போல்ட் வெளிப்பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் ஆழமாக இறங்க வேண்டும். இரண்டு கல்லுக்கு இடையிலுள்ள கலவையில் துளையிட்டால் பிடிப்பு நிற்காது. ஹாலோ பிளாக் சுவராக இருந்தால், சாதாரண ஆங்கர் போல்ட் விரியும்போது கல்லே உடையக்கூடும் என்பதால், அனுபவமுள்ள கொத்தனாரிடம் காட்டாமல் தொடங்க வேண்டாம். தொட்டிக்கும் சுவருக்கும் ஓர் அங்குல இடைவெளி இருந்தால் சுவரில் ஈரம் ஏறாது. இவற்றோடு, தொட்டியைக் கிரில்லோடு கம்பியால் கட்டிவைப்பது கூடுதல் காவல்.

வாங்குவதற்கு முன் ஒன்றைச் செய்துபாருங்கள்: தண்ணீர்க் குவளையைப் பிடித்த கை உங்கள் கிரில் இடைவெளியில் நுழைகிறதா? நுழையாவிட்டால் நீண்ட மூக்குள்ள பூவாளி வேண்டும். கதவுகள் வெளிப்புறம் திறப்பவையாக இருந்தால், செடி வளர்ந்த பிறகும் அவை இடிக்காத அளவுக்குத் தொட்டியைக் கீழே இறக்கிப் பொருத்துங்கள்.

சேலத்துக் கோடையில் மேற்கு வெயில் கறுப்பு பிளாஸ்டிக்கையும் தகரத்தையும் சுட்டு, வேரை வேகவைத்துவிடும். வெளிர் நிறத்தில் தடித்த பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் தொட்டியே ஏற்றது. மண்தொட்டி அழகுதான், மாடி ஜன்னலுக்குக் கனம். அந்த வெயிலைத் தாங்கிப் பூப்பவை டேபிள் ரோஸும் நித்திய கல்யாணியும். சித்திரை வெயிலில் நித்திய கல்யாணிக்குக் காலையும் மாலையும் நீர் தேவைப்படலாம். டேபிள் ரோஸுக்கு அவ்வளவு வேண்டாம். எதுவானாலும், விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டு, ஈர மண் ஒட்டிக்கொண்டு வந்தால் ஊற்றாதீர்கள். போர் தண்ணீரால் மண்ணின் மேல் வெள்ளைப் படலம் படியும்; அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மழைநீரோ காவிரி நீரோ கிடைக்கும் நாளில் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றினால் தேங்கிய உப்பு வெளியேறும்.

கேள்வி: எங்கள் வீட்டு ஜன்னல் தொட்டியில் செடிகள் அழுகிவிடுகின்றன. நாள் தவறாமல் தண்ணீர் விடுகிறேன்.
– வாசகர், ஏற்காடு

பதில்: அந்த நாள் தவறாத தண்ணீர்தான் காரணமாக இருக்க வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனி சூழும் நாட்களில் மண் காய்வதே அரிது. மண்கலவையில் நார்க்கழிவைக் குறைத்துப் பெருமணல் சேருங்கள். மணல் கனமானது என்பதால் தொட்டி சிறியதாக இருக்கட்டும். பழுத்த இலைகளை உடனுக்குடன் கிள்ளிவிடுங்கள். சமவெளியில் வாடிப்போகும் ஜெரேனியமும் பிகோனியாவும் உங்கள் ஊரில் செழிக்கும்.

கேள்வி: தொட்டி நீர் கீழ்வீட்டார் துணியில் சொட்டுகிறது. அடியில் தட்டு வைக்கலாமா?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: வைக்கலாம், ஆனால் அதில் நீர் நிற்கவிடக் கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய சிறு நீர்த்தேக்கத்தில்தான் முட்டையிடுகிறது. வெப்பமான காலத்தில் முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். நீரூற்றிய அரைமணி நேரத்தில் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள். வாரம் ஒருமுறை அதன் ஓரங்களைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருப்பதால் நீரைக் கொட்டுவது மட்டும் போதாது.